தொற்றுக் காலத்தில் தோட்டப் பணியாளரின் மனம் காக்கும் முறை

கொவிட் தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஆனால் நுவரெலியா, அட்டன் பகுதிகளின் தேயிலை மலைகள் மூடப்படவில்லை. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். ஆகவே பிரட்டுக் களத்தில் காலையில் பேர் பதிவது தொடர்ந்தது. அதனால் இன்னொரு கூட்டமும் வேலையை நிறுத்த முடியவில்லை. லயம் லயமாக நடந்த குடும்பநல உத்தியோகத்தர், தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தோட்ட வைத்தியசாலையின் வைத்திய உதவியாளர், பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர், பிரட்டில் வெப்பமானி பிடித்த கங்காணி, நோயாளியை ஏற்றிச் சென்ற சாரதி ஆகியோரே தோட்டத்தில் தொற்றுக்கு முன்னால் நின்றவர்கள்.

இவர்களின் மனநலத்தைக் காப்பதற்கு ஒரு முறை உண்டு. நிறுவனங்களுக்கிடையிலான நிலையியற் குழு 2007 இல் வெளியிட்ட உளசமூக வழிகாட்டி, உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 2011 இல் வெளியிட்ட உளமுதலுதவிக் கையேடு, கொவிட் பணியாளருக்கென 2020 இல் வந்த அடிப்படை உளசமூகத் திறன்கள் என்ற கைநூல் ஆகிய மூன்றும் அதன் ஆதாரங்கள். அவற்றைத் தோட்டத்தின் அமைப்புக்குள் பொருத்தினால் ஒன்பது படிகள் கிடைக்கின்றன. படிகளின் வரிசைதான் இதில் முக்கியம். தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்து 12 முதல் 18 மணி நேரம் வாடிய பிறகே உருட்டு இயந்திரத்துக்குப் போகிறது. வாடாத இலையை உருட்டினால் அது நசுங்குமே தவிரச் சுருளாது. தூங்காத, சாப்பிடாத, முகக்கவசம் இல்லாத பணியாளருக்கு உளவளத்துணை அளிப்பதும் அப்படித்தான் முடியும்.

முதற்படி: பெயர்ப்பதிவு

தேவையானவை ஒரு சீ.ஆர். கொப்பி, ஓர் அடிமட்டம், ஒரு முற்பகல். சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் அரசாங்க ஊழியரின் பட்டியல் இருக்கும். தோட்ட நிர்வாகம், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஆகியவற்றின் கீழ் வேலை செய்பவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். முதலில் செய்ய வேண்டியது இரண்டையும் ஒரே கொப்பியில் சேர்ப்பது.

ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு நிரல்கள் கீறப்படுகின்றன: பெயர், வேலை, டிவிசன், பேசும் மொழி, வீட்டில் உள்ள முதியோரும் கைக்குழந்தைகளும், சிக்னல் கிடைக்கும் தொலைபேசி இலக்கம், நெருங்கிய சக பணியாளர். ஐந்தாவது நிரல் மிகவும் பயனுள்ளது. லயத்தின் காம்பரா ஏறத்தாழ 10க்கு 12 அடி. அதில் தாயும் பிள்ளையும் பாட்டியும் சேர்ந்து படுப்பார்கள். வேலை முடிந்து அங்கே திரும்பும் பணியாளரின் பெரிய அச்சம் தன் நோயைப் பற்றியதாக இராது. வீட்டுக்கு நோயைக் கொண்டுபோய்விடுவோமோ என்பதாகவே இருக்கும். யாருக்கு அந்த அச்சம் மிகுதி என்பதை ஐந்தாவது நிரல் முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

சுத்திகரிப்புத் தொழிலாளி, உலருணவுப் பொதி சுமக்கும் இளைஞர், கொழுந்து லொறிச் சாரதி ஆகியோரின் பெயர்களும் இதில் ஏற வேண்டும். பதவிப்பெயர் இல்லாதவர்களே முதலில் விடுபடுவார்கள்.

இரண்டாம் படி: உறக்கம், உணவு, உடை, ஊதியம்

2007 ஆம் ஆண்டு வழிகாட்டி உளசமூக உதவியை நான்கு அடுக்குக் கூம்பாக வரைகிறது. அடித்தளத்தில் இருப்பவை பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும். அதற்கு மேல் குடும்ப, சமூக ஆதரவு. அதற்கும் மேல் பயிற்சி பெற்றவரின் உதவி. உச்சியில் வைத்திய நிபுணரின் சிகிச்சை. தோட்டத்தில் இந்த அடித்தளத்தை அமைக்க நான்கு வேலைகள் உள்ளன.

முதலாவது பணிநேரம். ஒருவரின் ஒரு பணிமுறை 12 மணி நேரத்தைத் தாண்டாமலும், கிழமைக்கு ஒரு முழுநாள் ஓய்வு இருக்குமாறும் அட்டவணை எழுதப்படுகிறது. இது சலுகை அன்று. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று 1997 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அந்த நிலையில் மாதிரி எடுப்பவர் தவறு செய்வார். தவறு செய்ததை எண்ணி மறுநாளும் தூங்கமாட்டார்.

இரண்டாவது உடை. முழுப் பாதுகாப்பு உடையுடன் நடந்து மேற்பிரிவுக்கு ஏறும்போது உள்ளே வியர்த்து, மலைக்காற்றில் அதுவே குளிராக மாறும். நான்கு மணி நேரத்துக்குள் கழற்றி, தண்ணீர் குடித்து, கழிப்பறைக்குப் போய்வர இடம் குறிக்கப்படுகிறது. கழற்றும்போது மற்றொருவர் எதிரில் நின்று ஒவ்வொரு அசைவையும் வாயால் சொல்ல வேண்டும். களைத்த கை தவறும் இடம் அதுதான்.

மூன்றாவது தங்குமிடம். வைத்தியசாலையை ஒட்டி வெறுமையாக உள்ள ஒரு குவார்ட்டர்ஸ் திறக்கப்பட்டு, கட்டில், இரண்டு கம்பளி, சுடுதண்ணீருக்கு ஒரு கேத்தல், கதவுக்கு வெளியே சவர்க்காரமும் வாளியும் வைக்கப்படுகின்றன. வீட்டில் முதியோர் உள்ளவர்களுக்கு முதலிடம்.

நான்காவது ஊதியம். தனிமைப்படுத்தப்பட்ட 14 நாளுக்கும் சம்பளம் உண்டு, பேர் வெட்டப்படாது என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். வாய்ச்சொல்லாகத் தந்தால் அச்சம் அப்படியே இருக்கும். நாட்கூலிக்காரருக்கு இது மருந்தைவிட வேகமாக வேலை செய்கிறது. அறிகுறியை மறைக்க வேண்டிய காரணமும் அதோடு போய்விடுகிறது.

இந்த நான்கும் முடியும்வரை மூன்றாம் படிக்குப் போகக் கூடாது.

மூன்றாம் படி: ஒரே வாயிலிருந்து ஒரே செய்தி

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்றுக் கொத்துகள் வெளிப்பட்டன. அடுத்த மாதம் தீபாவளி. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்கள் ஊர் திரும்பும் காலம். இப்படிப்பட்ட நாட்களில் செய்தியைவிட வதந்தி வேகமாக மலையேறும். அதன் முழுப் பாரமும் வீட்டு வாசலில் நிற்கும் குடும்பநல உத்தியோகத்தர் மேல் விழும்.

ஆகவே ஒவ்வொரு நாளும் காலை ஒரே நேரத்தில், பிரட்டுக்கு முன், ஒரே ஒருவர் பணியாளருக்குச் செய்தி சொல்கிறார். நேரம் பத்து நிமிடம். உள்ளடக்கம் மூன்று: நேற்று என்ன நடந்தது, இன்று யார் எங்கே போக வேண்டும், எது இன்னும் தெரியவில்லை. மூன்றாவதை மறைக்காமல் சொல்வதுதான் முதலிரண்டுக்கும் நம்பகம் தருகிறது. தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். சுகாதாரப் பணிமனையில் சிங்களம் பேசுபவரும், டிவிசனில் தமிழ் மட்டும் அறிந்தவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். கேட்ட வதந்திகள் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதப்பட்டு, மறுநாள் காலை ஒவ்வொன்றுக்கும் விடை தரப்படுகிறது.

நான்காம் படி: இணை சேர்த்தல்

முதற்படியின் கொப்பியை விரித்து, ஏழாவது நிரலைப் பார்த்து, பணியாளர் இருவர் இருவராக இணைக்கப்படுகிறார்கள். விதிகள் மூன்று. இருவரும் ஏறத்தாழச் சம நிலையில் இருக்க வேண்டும். மேலதிகாரியும் கீழ்ப்பணியாளரும் இணையாகக் கூடாது. இருவருக்கும் பேச ஒரு பொதுமொழி இருக்க வேண்டும். இருவரும் ஒரே வீட்டாராக இருக்கக் கூடாது; வீட்டார் ஒருவருக்கொருவர் கவலையை மறைப்பார்கள்.

இணையின் வேலை நாள்தோறும் ஒரு தொலைபேசி அழைப்பு, அல்லது மூன்றடி தள்ளி நின்று ஐந்து நிமிடப் பேச்சு. கேள்விகளும் மூன்றுதான். "இன்னைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டீங்களா?" "ராத்திரி தூக்கம் பிடிச்சிச்சா?" "மனசுல எது கனமா இருக்கு?" முதல் இரண்டுக்கும் எவரும் கூச்சமின்றி விடை சொல்வார்கள். அந்த விடைகளின் வழியாகவே மூன்றாவதன் கதவு திறக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து "இல்லை" என்ற விடை வந்தால் இணை அதைப் படி ஏழுக்கு எடுத்துச் செல்கிறார்.

ஐந்தாம் படி: உளமுதலுதவிப் பயிற்சி

2011 ஆம் ஆண்டுக் கையேட்டின் செயல்முறை மூன்று சொற்களில் அடங்கும்: பார், கேள், இணை. ஒரு நாளில் இதைப் பயிற்றுவிக்கலாம். பிள்ளைக் காம்பராவின் கூடம் போதும். ஜன்னல்களைத் திறந்து ஆறடி இடைவெளியில் பாய் விரித்தால் பன்னிரண்டு பேர் அமரலாம்.

முற்பகல் பார்த்தலுக்கு. யாருக்கு உடனடி ஆபத்து, யாருக்கு அடிப்படைத் தேவை, யார் கடுமையாகக் கலங்கியிருக்கிறார் என்று மூன்றையும் பிரித்தறியப் பழகுகிறார்கள். மலையகத்தில் கலக்கம் பெரும்பாலும் உடலின் மொழியில் வரும். "நெஞ்சு அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "கையி காலு ஓயுது" என்பார்கள். முதலில் வைத்திய உதவியாளர் காய்ச்சலும் மூச்சும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். உடலில் காரணம் இல்லையென்று உறுதியான பிறகே மனத்தின் பக்கம் திரும்ப வேண்டும். இரண்டையும் இதே வரிசையில் பார்ப்பவர் எதையும் தவறவிடமாட்டார்.

நண்பகலுக்குப் பின் கேட்டல். இருவர் இருவராக நடித்துப் பழகுகிறார்கள். "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்பது விலக்கப்பட்ட வாக்கியம். அது கொடுக்க முடியாத வாக்குறுதி. "மத்தவங்களுக்கு இதைவிட கஷ்டம்" என்பதும் விலக்கப்பட்டது. அவற்றின் இடத்தில் "சொல்லுங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பதும், "இப்ப எது ரொம்ப கஷ்டமா இருக்கு?" என்பதும் வருகின்றன. விரும்பாதவரைப் பேசவைக்கக் கூடாது. மௌனமாக அருகில் இருப்பதும் பயிற்சியின் பகுதியே.

கடைசி ஒரு மணி நேரம் இணைத்தலுக்கு. யாருக்கு எது தேவையோ அதை வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது: உலருணவு வேண்டுமானால் கிராம உத்தியோகத்தர், விடுமுறை வேண்டுமானால் நிர்வாகம், சிகிச்சை வேண்டுமானால் மனநல வைத்திய அதிகாரி. இந்தப் பெயர்களும் இலக்கங்களும் ஒரு தாளில் எழுதப்பட்டு, பிளாஸ்டிக் உறையில் போடப்பட்டு, சுவரில் தொங்கவிடப்படுகின்றன. ஈரம் மிகுந்த மலையில் உறையில்லாத தாள் ஒரு மாதம் தாங்காது.

ஆறாம் படி: பணி முடிவுச் சந்திப்பு

பணிமுறை முடிந்து உடை களைந்து கை கழுவியதும், வீட்டுக்குப் போகுமுன் பதினைந்து நிமிடம். எல்லோரும் நின்றபடியே சந்திக்கிறார்கள், கையில் இனிப்புத் தேத்தண்ணியுடன். முதல் ஐந்து நிமிடம் வேலையைப் பற்றி: எது நன்றாக நடந்தது, எது தடைப்பட்டது, நாளைக்கு என்ன மாற வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் ஒரு பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட மனஅழுத்தக் கைநூல் கற்றுத்தரும் ஐந்து திறன்களில் முதலாவது நிலையூன்றல். இரு பாதங்களையும் தரையில் அழுத்தி, மெல்ல மூச்சுவிட்டு, உடலை நீட்டி, கண்ணுக்கு எது தெரிகிறது, காதுக்கு எது கேட்கிறது என்று கவனிப்பது. கவலை ஓடிப்போகாது, ஆனால் கவலைக்கு வெளியேயும் உலகம் இருப்பது தெரியும். கடைசி ஐந்து நிமிடம் நாளைய அட்டவணை.

இங்கே ஓர் எல்லை உண்டு. நடந்த கொடுமையை ஒரே அமர்வில் விவரமாக மீட்டுச் சொல்லவைக்கும் கூட்டு விவரிப்பைச் செய்யக் கூடாது. அது பயன் தருவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதை விலக்கியிருக்கிறது. அழ விரும்புபவர் அழலாம். அழவைப்பது இந்தச் சந்திப்பின் வேலையல்ல.

மரணம் நிகழ்ந்த நாளுக்குத் தனி ஏற்பாடு தேவை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை இலங்கையில் கொவிட் மரணங்களுக்கு எரியூட்டல் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. புதைப்பது வழமையாக உள்ள தோட்டக் குடும்பங்களிடமும் அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரே. அப்படிப்பட்ட நாளில் அவர் தனியே அனுப்பப்படுவதில்லை. இருவர் போகிறார்கள், ஒருவர் பேச, மற்றவர் நிற்கிறார். திரும்பியதும் அன்றைய மீதி வேலை வேறொருவருக்கு மாற்றப்படுகிறது. அன்று இரவு இணையின் அழைப்பு கட்டாயம்.

ஏழாம் படி: அளத்தல்

இரு கிழமைக்கு ஒருமுறை ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுப் படிவம் நிரப்பப்படுகிறது. கடந்த இரண்டு கிழமையில் ஆர்வமின்மை, சோகம், உறக்கக் குறைவு, சோர்வு போன்றவை எவ்வளவு நாள் இருந்தன என்று அது கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கூட்டுத்தொகை 5க்குக் கீழ் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 5 முதல் 9 வரை இருந்தால் அட்டவணையும் உறக்கமும் மீண்டும் பார்க்கப்படுகின்றன; அதாவது படி இரண்டு சரிபார்க்கப்படுகிறது. 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் வைத்திய மதிப்பீடு. ஒன்பதாவது கேள்வி சாக எண்ணுவதைப் பற்றியது. அதற்கு 0 தவிர எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைந்திருந்தாலும், அன்றே ஒருவர் நேரில் பேச வேண்டும்.

படிவம் உறையில் ஒட்டப்பட்டு வைத்திய அதிகாரியிடம் மட்டும் போகிறது. துரை, கணக்கப்பிள்ளை, தலைவர் என எவருக்கும் பெயர் தெரியக் கூடாது. நிர்வாகத்துக்குத் தரப்படுவது ஒரே ஒரு தொகை: இத்தனை பேருக்கு வேலைச்சுமை குறைய வேண்டும் என்பது. இரகசியம் ஒருமுறை கசிந்தால் அடுத்த முறை எல்லோரும் 0 எழுதுவார்கள். அதன்பின் அந்த அளவுகோல் எதையும் அளக்காது.

எட்டாம் படி: அனுப்புதல்

10 அல்லது அதற்கு மேல் வந்தவர் மனநல வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்குப் போகிறார். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் மாவட்டத்தின் இரு முக்கிய இடங்கள். 150 படுக்கைகள் கொண்ட கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடம் இந்திய உதவியுடன் எழுந்து 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அனுப்புவது என்றால் துண்டு எழுதிக் கொடுப்பது மட்டுமல்ல. வாகனம் ஒழுங்கு செய்யப்பட வேண்டும். பேசும் மொழி துண்டில் குறிக்கப்பட வேண்டும். இணை கூடப் போக வேண்டும். அந்த நாள் மருத்துவ விடுமுறையாகப் பதியப்பட வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் முதல் கிளினிக்குக்கே ஆள் போய்ச்சேரமாட்டார்.

இரவில் நெருக்கடி வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம். உயிராபத்தானால் சுவசெரிய அம்புலன்சின் 1990. இரண்டும் கட்டணமற்றவை. தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமில்லை என்பதையும் பயிற்சியில் சொல்ல வேண்டும். பொலிஸுக்கு அஞ்சி மறைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

இதனுடன் ஒரு பூட்டும் வேண்டும். இலங்கையின் தற்கொலை வீதம் 1995 இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக உச்சத்தில் இருந்தது. அதிநச்சுப் பீடைகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டதும் அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே தோட்டத்தின் பீடைகொல்லிக் களஞ்சியத்துக்கு இரட்டைப் பூட்டும், கையொப்பப் புத்தகமும் வைக்கப்படுகின்றன. ஒரு சாவி களஞ்சியப் பொறுப்பாளரிடம், மற்றது வேறொருவரிடம். மனநலத் திட்டத்தின் மிக மலிவான, மிக உறுதியான பகுதி இதுதான்.

ஒன்பதாம் படி: அலை தணிந்த பின்

தொற்று குறைந்ததும் ஏற்பாடுகள் ஒரே நாளில் கலைக்கப்படுவதில்லை. சோர்வு பெரும்பாலும் வேலை குறைந்த பிறகே வெளிப்படும். இணை அழைப்பு நாள்தோறும் என்பதிலிருந்து கிழமைக்கு ஒன்றாகக் குறைந்து மூன்று மாதம் தொடர்கிறது. ஒன்பது கேள்விப் படிவம் மாதத்துக்கு ஒருமுறை. நோயுற்றுத் திரும்பியவருக்கு முதல் கிழமை அரைநாள் வேலை, முழுச் சம்பளம். லயத்தில் எவரும் அவரைக் கண்டு கதவடைக்காதபடி தலைவரும் கோயில் கமிட்டியும் முன்கூட்டியே பேசிவைக்கிறார்கள். எடுக்காமல் விட்ட விடுமுறைகள் எண்ணப்பட்டுத் திருப்பித் தரப்படுகின்றன. நன்றி சொல்லும் கூட்டம் அதற்குப் பிறகுதான். விடுமுறை கொடுக்காமல் பொன்னாடை போர்த்துவது வரிசையைக் குலைக்கும்.

கொப்பி புதுப்பிக்கப்பட்டு, சுகாதாரப் பணிமனையில் ஒரு பிரதியும் தோட்ட வைத்தியசாலையில் ஒரு பிரதியும் வைக்கப்படுகின்றன.

ஒன்பது படிகளையும் சேர்த்துப் பார்த்தால் விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை. ஒரு கொப்பி, ஓர் அட்டவணை, ஒரு கேத்தல், ஒரு படிவம், இரண்டு பூட்டு. ஒவ்வொரு படியும் முந்தியதைத் தாங்குதளமாகக் கொண்டு நிற்கிறது. இணையின் அழைப்பு இல்லாமல் படிவம் உண்மை சொல்லாது, ஊதிய உறுதி இல்லாமல் இணையின் அழைப்புக்கு விடை வராது. 2021 ஜனவரி 29 இல் இலங்கையில் தடுப்பூசி தொடங்கியபோது முன்வரிசைச் சுகாதாரப் பணியாளருக்கு முதற்கட்டத்திலேயே ஊசி போடப்பட்டது. அவர்களின் உடலுக்குத் தரப்பட்ட அந்த முதலிடத்தை மனத்துக்கும் தர வேண்டும். தோட்ட நிர்வாகங்களும் சுகாதாரப் பணிமனைகளும் அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு படிகளையும் இந்த மாதமே முடித்துவைக்கலாம்.